ஆண்டாளை அப்பா அடிக்கவில்லையா?

மார்கழி மாதத்துக் காலை. திருவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் பேருந்து. பனிக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிட்டுத் துண்டுக்குள்ளும் போர்வைக்குள்ளும் ஒடுங்கியிருந்தவர்கள் பேசியது விலைவாசியைப் பற்றி அல்ல. நூற்பாலைக் கூலியைப் பற்றியும் அல்ல. முந்தைய நாள் தொலைக்காட்சியில் ஓடிய 'திருமால் பெருமை'யைப் பற்றி! 1968-ஆம் ஆண்டு ஏ. பி. நாகராஜன் எடுத்த படம். பெரியாழ்வாராகச் சிவாஜி கணேசன், ஆண்டாளாகக் கே. ஆர். விஜயா. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தப் படம் அழவைக்கிறது. அழுததாக ஒரு மூதாட்டி பெருமையோடு சொன்னார். அந்தக் கண்ணீரை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. அது எங்கே ஊற்றெடுத்தது என்று கேட்கப் போகிறோம்.

பள்ளிக்கு வந்தால் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. நம் பள்ளித் தமிழாசிரியர் நம்மைவிட இருபது ஆண்டு மூத்தவர். நெற்றியில் திருமண் இல்லாமல் ஒருநாளும் வராதவர். நம் கறுப்புச் சட்டையைக் கண்டு ஒருநாளும் முகம் சுளிக்காதவர். "தம்பி, நீங்கள் படத்தை வெறுங்கதையாகப் பார்க்கிறீர்கள்" என்று தொடங்கினார். ஆண்டாள் என்பவள் உயிர். அரங்கன் இறை. மாலை என்பது உயிர் தன்னையே கட்டிக் கொடுக்கும் காணிக்கை. அதில் சிக்கிய கூந்தல் இழை, 'நான்' என்னும் எண்ணத்தின் கடைசி மிச்சம். பெரியாழ்வார் அப்பா அல்ல, குரு. உயிரை வளர்த்து இறையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவர். "இப்படிப் பார்த்தால் இது சினிமா இல்லை தம்பி, வேதாந்தம்" என்று முடித்தார்.

அழகான விளக்கம்தான். ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்த்தால் எங்கும் இடிக்கவில்லை. நாம் மறுமொழி தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

பிற்பகல் ஒன்பதாம் வகுப்பு. வரலாற்றுப் பாடம் முடியும் நேரத்தில், கேட்டால் ஒழிய வாய் திறவாத ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "சார், அந்தப் படத்துல ஆண்டாள் மனுசரைக் கட்டிக்க மாட்டேன்னு சொல்றாங்கள்ல… அவங்கப்பா அடிக்கலையா சார்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மாலையில் அவளுடைய தோழிகள் வந்து சொன்னார்கள். தாய்மாமனுக்குப் பேசி முடித்திருக்கிறார்களாம். தை பிறந்தால் நாள் குறிப்பார்களாம். அவளுக்கு வயது பதினான்கு.

ஒரே படம். ஒரே ஆண்டாள். பெரியவர் அதில் தத்துவத்தைக் கண்டார். சிறுமி ஒரு கதவைக் கண்டாள். கதவு திறக்குமா, திறந்தால் முதுகில் அடி விழுமா என்பதுதான் அவள் கேட்டது. படத்தில் மறைபொருள் தேடுவோரைக் கண்டால் "மூடநம்பிக்கை" என்ற ஒற்றைச் சொல்லால் விரட்டிவிட்டுப் போகும் பழக்கம் நமக்கு உண்டு. அன்று அந்தச் சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

மறைபொருள் தேடுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. 1982-இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஈ.டி.' படத்தில், வேற்றுலக உயிரொன்று செத்துப் பிழைத்து வானேறிச் செல்கிறது. இது இயேசுநாதர் கதையல்லவா என்று வியந்தவர்கள் ஏராளம். எடுத்தவரோ யூதக் குடும்பத்தில் பிறந்தவர்! எடுத்தவர் எண்ணாததைப் பார்த்தவர் எண்ணினால் அதில் குற்றமில்லை. கதை ஒரு குளம். அவரவர் குடத்துக்கு ஏற்ப அவரவர் முகந்துகொள்ளலாம். முகந்த நீர் யாருடைய தாகத்தைத் தீர்த்தது என்பதே நாம் கேட்க வேண்டியது.

பேருந்து மூதாட்டியின் கண்ணீரையே எடுத்துக்கொள்வோம். கோயிலுக்குப் போனால் அவருக்குக் கிட்டுவது என்ன? கூட்டத்தின் தோள்களுக்கு இடையே, எட்டாத் தொலைவில், ஒரு விளக்கொளி. "நகருங்கள், நகருங்கள்" என்று ஒரு குரல். திரைப்படத்திலோ, படப்பிடிப்புக் கருவி கருவறைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. தெய்வத்தின் முகம் திரை முழுதும் நிறைந்து அவரையே பார்க்கிறது. தரை டிக்கெட் வாங்கியவருக்கும் அதே முகம்; நாற்காலியில் அமர்ந்தவருக்கும் அதே முகம். தமிழர் அனைவரும் சாதி வேறுபாடு பாராது ஒரே கூரையின்கீழ் கூடிய முதற் கலைக்கூடம் திரையரங்கமே என்று ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கோயில் கொடாத இடத்தைக் கொட்டகை கொடுத்தது!

பழங்கதை என்று எண்ணாதீர்கள். 2024 டிசம்பர் 15 அன்று திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்த இளையராஜா, அர்த்த மண்டபத்துக்குள் செல்லாமல் வெளியே நின்று வணங்கிய செய்தி நாடெங்கும் பரவியது. அர்ச்சகர்களும் சீயர்களும் தவிரப் பிறர் அங்கே நுழைவது மரபில்லை என்று அதிகாரிகள் விளக்கம் தந்தனர். தன்மானத்தை விட்டுக்கொடுப்பவன் தானல்லன் என்று இளையராஜாவும் எழுதினார். விளக்கங்கள் இருக்கட்டும், மறுப்புகளும் இருக்கட்டும். அங்கே ஒரு வாசற்படி இருக்கிறது என்பதை எவரும் மறுக்கவில்லையே! அந்த வாசற்படி திரையில் இல்லை. 1975-இல் வந்த 'ஜெய் சந்தோஷி மா' என்ற இந்திப் படத்துக்குப் போனவர்கள் கொட்டகை வாயிலில் செருப்பைக் கழற்றினார்கள், திரையை நோக்கிப் பூவும் காசும் வீசினார்கள் என்று படித்துச் சிரித்திருக்கிறோம். சிரிப்பதற்குமுன் ஒரு கணம் நின்றிருக்கலாம். பக்கத்தில் வராதே என்று சொல்லாத தெய்வத்தை அவர்களுள் பலர் அன்றுதான் கண்டிருக்கக் கூடும்.

ஆகவே அந்தக் கண்ணீரில் மனித ஏக்கம் இருக்கிறது. மனித மீறலும் இருக்கிறது. புராணப் படம் அதைத் தூண்டிவிட்டுத்தான் காசு பார்க்கிறது. தூண்டிய பிறகு என்ன செய்கிறது? இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும்.

1965-இல் இதே நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' நினைவிருக்கிறதா? மறக்குமா! சிவபெருமானின் பெருமை பேச எடுத்த படம். மக்கள் மனத்தில் நிலைத்தவர்களோ, வறுமையில் புலம்பும் தருமியும், அவையில் நிமிர்ந்து நிற்கும் நக்கீரனும். தருமியாக நாகேஷ், நக்கீரனாக நாகராஜனே. வந்திருப்பவர் கடவுள் என்று தெரிந்த பின்னும், நெருப்பை உமிழும் கண்ணைக் கண்ட பின்னும், பாட்டில் பிழை பிழைதான் என்று அடித்துச் சொல்கிறான் ஒரு புலவன். அந்தக் காட்சியில் கொட்டகை கை தட்டியது கடவுளுக்கா, புலவனுக்கா? இன்றும் நம் மாணவர்கள், மதிப்பெண்ணைத் தவறாகக் கூட்டிவிட்டோம் என்று சுட்டிக்காட்ட வரும்போது, நக்கீரன் தோரணையில்தான் வந்து நிற்கிறார்கள்!

ஆனால் படம் அங்கே முடியவில்லை. கேள்வி கேட்டவன் எரிந்தான். எரித்தவனே பிழைக்கவைத்தான். பிழைத்தவன் துதி பாடினான். எல்லாம் ஒரு விளையாட்டு என்று முடிந்தது. கேள்வியைப் பிறக்கவிட்டு, வளரவிட்டு, கை தட்டல் வாங்கித் தந்து, கடைசியில் அற்புதம் என்னும் பட்டுத் துணியால் அதன் வாயைக் கட்டிவிடுவது! புராணப் படத்தின் இலக்கணமே இதுதான்.

ஆண்டாள் கதையிலும் அப்படியே. மாலையைப் பாருங்கள். தெய்வத்துக்குக் கட்டிய பூவை மனிதர் முகர்ந்தாலே ஆகாது என்பது சட்டம். அதைத் தலையில் சூடிக் கண்ணாடியில் அழகு பார்த்தாள் ஒரு பெண். தூய்மை, தீட்டு என்று பின்னி வைத்த வலையை ஒரு கூந்தல் இழையால் அறுத்தாள்! எவ்வளவு பெரிய துணிவு! தந்தை பதறினார், கடிந்தார், வேறு மாலை கட்டினார். அப்போது பெருமாள் கனவில் வந்து, அவள் சூடியதே தமக்கு வேண்டும் என்றாராம். தப்பித்தாள் பெண். கனவு வந்திராவிட்டால்?

அவள் சூடிக் களைந்த மாலை இன்று புரட்டாசித் திருவிழாவுக்குத் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் கள்ளழகருக்கு மதுரைக்குப் போகிறது. ஒரு பெண்ணின் தலையில் இருந்த மாலை தீட்டல்ல என்று ஆண்டுதோறும் ஊரறிய ஒப்புக்கொள்கிறார்கள். அவள் ஒருத்தியின் தலை மட்டும்! மற்றப் பெண்களின் கதை என்ன? தமிழ்நாட்டு அரசின் அர்ச்சகர் பயிற்சியை முடித்து மூன்று பெண்கள் சான்றிதழ் பெறுவதற்கு 2023-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. குறியீடு குடை பிடித்துப் போகும். குறிக்கப்பட்டவள் கோயில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள்.

மணமறுப்பும் அவ்வாறே. மானிடன் எவனுக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஏன் மாட்டாய், யாரை விரும்புகிறாய் என்று தந்தை கேட்டார். அந்தக் கணம் வரை அது ஒரு பெண்ணின் கதை. நம் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது அந்தக் கணத்தைத்தான். அடுத்த கணம் பல்லக்கு வருகிறது, அரங்கம் வருகிறது, பேரொளி வருகிறது, பெண் மறைந்துபோகிறாள். அவள் மறுத்தாள் என்பது மறந்துபோய், அவள் தெய்வம் என்பது மட்டும் மிஞ்சுகிறது. தமிழாசிரியரின் விளக்கமும் அந்தப் பேரொளியிலிருந்து பின்னோக்கித் தொடங்குகிறது. உயிர் என்றும் இறை என்றும் பெயர் சூட்டிவிட்டால், மறுப்பதற்கு வாயும் அடி வாங்க முதுகும் உடைய பெண் அங்கே இருக்கவே இல்லையே!

அவளைப் பெண்ணாகப் பேசினால் என்ன ஆகும் என்பதை நம் ஊரே பார்த்தது. 2018 ஜனவரி 7 அன்று, இதே இராஜபாளையத்தில், திரைப்பாடலாசிரியர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிக் கட்டுரை படித்தார். பெண்ணின் விடுதலைக் குரலாக அவர் பாட்டைப் போற்றிய கட்டுரை. இடையே வேறொரு நூலிலிருந்து எடுத்துக்காட்டிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு புயல் கிளம்பியது. உண்ணாநோன்பு, ஊர்வலம், வழக்கு. கவிஞரும் வருத்தம் தெரிவித்தார், வெளியிட்ட நாளேடும் தெரிவித்தது. அந்த மேற்கோளின் அடிப்படை வலுவற்றது என்றால் ஆதாரம் காட்டி மறுத்திருக்கலாம். அறிவுலகின் வழி அதுதான், நாமும் கை தட்டியிருப்போம். சினங்கொண்டு வீதிக்கு வந்தவர்கள், ஓர் ஆணின் முகச்சாயம் பூசிய முகத்தைப் பெருமாளாகக் காட்டும் திரைப்படத்தைக் கண்டு ஒருநாளும் சினந்ததில்லை! நடிகர் கடவுளாகலாம், ஆண்டாள் மட்டும் மனிதப் பெண்ணாகக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் போனால் அது நேர்மையாகாது. பெரியார் சினிமாவையே சமுதாய நோய்களுள் ஒன்றாக எண்ணினார். அண்ணா அதைக் கருவியாக எடுத்தார். 1949-இல் வந்த 'வேலைக்காரி'யில், வேண்டிக் கேட்டும் வாய் திறவாத காளியின் முன் ஆனந்தன் சீறினான். 1952-இல் கலைஞரின் எழுத்தில், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 'பராசக்தி' வந்தது. அதில் கோயிலுக்கு அடைக்கலம் தேடி வந்த கல்யாணியைப் பூசாரி சூறையாட முனைகிறான். பிறகு ஒருநாள் தேவியின் குரல் கேட்பதாக அவன் நடுங்குகிறான். பேசியது தேவி அல்லள். சிலைக்குப் பின்னால் நின்ற அண்ணன்!

நாம் பலமுறை பார்த்த காட்சி அது. தமிழ்த் திரையில் சமயக் குறியீடு அதைவிடத் துலக்கமாகக் கையாளப்பட்டதில்லை என்பது நம் துணிபு. தெய்வக் குரல் எல்லாமே ஏதோ ஒரு மனிதன் மறைவில் நின்று பேசுவதுதான் என்று பத்து நூல்கள் விளக்குவதை அந்த ஒரு காட்சி விளக்கிவிடுகிறது. அற்புதத்தால் கேள்வியை மூடாமல், அற்புதத்தின் பின்கதவைத் திறந்து காட்டிய படம். ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். அங்கும் கல்யாணிக்காக அண்ணன்தான் பேசுகிறான். சிலைக்குப் பின்னால் நின்று அவளே பேசியிருந்தால்? எழுபது ஆண்டு கழித்து இதைக் கேட்பது எளிது. ஆனால் நம் வகுப்பில் இருக்கும் கல்யாணிகளுக்கு அண்ணன்மார் எல்லாரும் குணசேகரன்கள் அல்லர்.

அண்மைக் காலத்தில் நம்மை உலுக்கிய படம் 2021-இல் மாரி செல்வராஜ் எடுத்த 'கர்ணன்'. வலிப்பு வந்து சாலையில் துடிக்கும் சிறுமிக்காக ஒரு வண்டியும் நிற்பதில்லை. அவள் செத்துப்போகிறாள், தெய்வ முகம் தரித்த சிறு பெண்ணாகப் படம் முழுதும் நடமாடுகிறாள். அவள் யாரையும் காப்பாற்றுவதில்லை, வரம் தருவதில்லை. நின்று பார்க்கிறாள், அவ்வளவுதான். பேருந்து ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்குப் படம் முடியும்வரை உருவம் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். நம் தென்மாவட்டங்களில் அநியாயமாகச் செத்தவர்களுக்குத்தான் பீடம் எழுப்புவார்கள். அது வழிபாடு மட்டுமன்று. ஊர் மறந்துவிடக் கூடாது என்று நட்டுவைத்த வழக்குமாகும். பகுத்தறிவாளன் அந்தப் பீடத்தின் முன் கும்பிட வேண்டியதில்லை. அங்கே என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும்.

சிறுமியின் வீட்டுக்குப் போனோம். தனியாகப் போகத் தயங்கியபோது, "நானும் வருகிறேன் தம்பி" என்று கிளம்பியவர் தமிழாசிரியர். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லியிருந்தோம். தந்தை நூற்பாலையில் இரவு முறை முடித்து வந்து உறங்கி எழுந்திருந்தார். தாய், சத்திரப்பட்டி விசைத்தறிகளிலிருந்து வரும் காயக்கட்டுத் துணியை மடித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். பேசும்போதும் கை நிற்கவில்லை. நாம் சட்டத்தைச் சொன்னோம். பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்வித்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் என்றோம். தந்தையின் முகம் இறுகியது. அந்த வீட்டில் நாம் அயலாராகிவிட்டோம் என்பது தெரிந்தது.

தாய்தான் பேசினார். "சட்டமெல்லாம் சரி சார். அவரு ராத்திரி வேலைக்குப் போயிருவாரு, நானும் தறிக்குப் போயிருவேன். வயசுப் பிள்ளையை யாரு பாத்துக்கிறது? இவ என்னடான்னா படத்தைப் பாத்துட்டு ஆண்டாள் மாதிரி மாட்டேங்கிறா. ஆண்டாளுக்குப் பெருமாள் இருந்தாரு. இவளுக்கு யாரு இருக்கா?"

நமக்கு மறுமொழி இல்லை. புள்ளி விவரம் சொல்லக்கூடிய இடமா அது? தமிழாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெருமாள் அப்புறந்தானம்மா வந்தார். முதல்ல அப்பா இருந்தார். அவர் மகளைக் கேட்டார்."

தாயின் கை ஒரு கணம் நின்றது. தந்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் குருவாக இருந்த பெரியாழ்வார், அந்தத் திண்ணையில் மறுபடியும் அப்பாவாகிவிட்டார். திரும்பும் வழியில் அதை அவரிடம் சொன்னோம். "எல்லாம் அவன் செயல்" என்று சிரித்தார். அவன் செயல் இல்லை ஐயா, உங்கள் செயல் என்றோம். பேருந்து வரும்வரை அந்த வழக்கு தீரவில்லை.

தை பிறந்தது, நாள் குறிக்கவில்லை. அவள் இப்போது பத்தாம் வகுப்பில், சன்னலோர வரிசையில் இருக்கிறாள். தாய்மாமன் வீட்டார் பேச்சை விட்டுவிடவில்லை. தேர்வு முடியட்டும் என்று தந்தை சொல்லியிருப்பதாகக் கேள்வி. கரும்பலகையின் வலது மூலையில் 1098 என்று குழந்தைகள் உதவி எண்ணை எழுதி, அதை அழிக்கக் கூடாது என்று வகுப்புத் தலைவியிடம் சொல்லிவைத்திருக்கிறோம். சுண்ணக்கட்டி மங்கும்போதெல்லாம் யாரோ அதன்மேல் மறுபடி எழுதிவிடுகிறார்கள். யாரென்று நாம் கேட்கவில்லை.